ஊசி இல்லாத மூட்டு

1823ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரத்து வேதியியலாளர் சார்லஸ் மேக்கின்டாஷ் ஒரு காப்புரிமை பெற்றார். நிலக்கரி வாயு ஆலைகளில் வேண்டாத பொருளாகத் தேங்கிக்கிடந்த நாஃப்தாவில் ரப்பரைக் கரைத்து, அந்தக் குழம்பை ஒரு துணியில் தடவி, மேலே இன்னொரு துணியை விரித்து அழுத்தினார். இரண்டு துணியும் நடுவிலிருந்த ரப்பரும் ஒரே துணியாயின. தண்ணீர் அதை ஊடுருவவில்லை. அந்தத் துணியில் செய்த மழைக்கோட்டை ஆங்கிலேயர் இன்றுவரை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

துணி வெற்றி பெற்றது. கோட்டு உடனே வெற்றி பெறவில்லை. தையல்காரர்கள் வழக்கம்போல ஊசி நூலால் அதை மூட்டினார்கள். ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் மழைக்கு ஒரு வாசலானது. அதனால் மூட்டுகளையும் ரப்பர் குழம்பால் ஒட்டி, உட்புறம் ரப்பர் நாடா வைத்து அடைக்கும் வேலைமுறை உருவாயிற்று. ஸ்காட்லாந்தில் இன்றும் சில கோட்டுகளின் மூட்டு அப்படித்தான், விரலால் பசை தடவி, கையால் அழுத்தி உருவாகிறது. ஆனால் அன்றைய ரப்பர் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது, கம்பளியில் இருக்கும் எண்ணெய் பட்டு இளகியது. 1840களில் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி ரப்பரைப் பதப்படுத்தும் முறை வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

துணியில் பசை போடும் யாருக்கும் இந்தக் கதையில் உள்ள சிக்கல்கள் புதிதல்ல. துணி விறைக்கிறது, வெயிலில் பசை இளகுகிறது, எண்ணெயோ கரைப்பானோ பட்டால் விட்டுப்போகிறது. கடையில் வாங்கிய பசையின் தரத்தை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. நூல் துணியைப் பிடிக்கும் விதம் வேறு, பசை பிடிக்கும் விதம் வேறு. அந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் எங்கே பசை போடலாம், எங்கே போடவே கூடாது என்பதைப் பாட்டிலை வாங்கும் முன்பே சொல்லிவிடலாம்.

முதலில் நூலைப் பார்ப்போம். தையல் மெஷினில் மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்கின்றன. ஒரு சென்டிமீட்டரில் நான்கைந்து இடங்களில் மட்டுமே அவை துணியைப் பிடிக்கின்றன. மற்ற இடமெல்லாம் துணி விடுதலையாக இருக்கிறது. இழுத்தால் நூல் கொஞ்சம் நீள்கிறது, துணியின் பாவும் ஊடையும் கொஞ்சம் நகர்கின்றன, சுமை பக்கத்துத் தையல்களுக்கும் பங்கிடப்படுகிறது. துணி என்பதே உராய்வால் நிற்கும் அமைப்பு. அதன் நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. மேலும் கீழுமாகப் புகுந்து ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

இந்த நகரும் உரிமைதான் துணியின் உயிர். ஒரு துணி கிழியத் தொடங்கும்போது கிழிசலின் முனையில் உள்ள நூல்கள் சறுக்கி ஒன்றுகூடி, கற்றையாக நின்று இழுப்பைத் தாங்குகின்றன. ஒற்றை நூல் அறுவதைவிடக் கற்றை அறுவது கடினம். அதே துணி முழுவதும் பசையைப் பரப்பி நூல்களைக் கட்டிப்போட்டால் அவற்றால் ஒன்றுகூட முடியாது. ஒவ்வொன்றாகத் தனித்து நின்று அறுபடும். பசை ஊறிய துணி தொட்டால் உறுதியாகத் தெரியும், ஆனால் கிழிசலை எதிர்க்கும் வலிமை குறைந்துவிடுகிறது. துணிக்குப் பூச்சு போடும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அன்றாட உண்மை. வீட்டில் கிழிசலைச் சுற்றிக் கையகலத்துக்குப் பசையைத் தடவுபவருக்குத்தான் இது தெரிவதில்லை. ஒட்டிய இடத்தின் ஓரத்தில் அடுத்த கிழிசல் விழும்போது துணி நைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்.

இனி பசை. அது புள்ளிகளில் பிடிப்பதில்லை, பரப்பில் பிடிக்கிறது. பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் சுமையைத் தாங்கும்படி இழுத்தால் பசை மிக வலியது. ஒரு துண்டு செலோ டேப்பை மேசைமேல் ஒட்டி, மேசையின் மட்டத்திலேயே அதைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். டேப் அறுந்தாலும் அறும், எளிதில் நகராது. இப்போது அதன் ஒரு முனையை நகத்தால் கிளப்பி மேல்நோக்கி இழுங்கள். சிறு குழந்தையாலும் உரித்துவிட முடியும். அதே டேப், அதே பசை, அதே மேசை. முதல் இழுப்பில் சுமை பரப்பெங்கும் பரவியது. இரண்டாவதில் மொத்தச் சுமையும் உரியும் விளிம்பில் உள்ள ஒரு மெல்லிய கோட்டின் மேல் விழுந்தது. அந்தக் கோடு தோற்றதும் அடுத்த கோடு, அதற்கடுத்து இன்னொன்று. முதலாவதைச் சறுக்கு இழுப்பு என்றும் இரண்டாவதை உரிப்பு இழுப்பு என்றும் இங்கே அழைப்போம்.

துணிப்பசையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் நான் இதைத்தான் கேட்கச் சொல்வேன்: ஒட்டப்போகும் இடத்தில் இழுப்பு எந்தத் திசையில் வரும்?

சட்டையின் பக்க மூட்டை எடுத்துக்கொள்வோம். முன்பாகத்தையும் பின்பாகத்தையும் நேருக்கு நேர் வைத்து, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தைக்கிறோம். பிறகு விரித்துப் போட்டுக்கொள்கிறோம். கையைத் தூக்கும்போது முன்பாகம் ஒரு பக்கமும் பின்பாகம் மறுபக்கமும் இழுக்கின்றன. அந்த இழுப்பு மூட்டைப் பிரித்து உரிக்கும் திசையில் வருகிறது. இங்கே நூலுக்குப் பதில் பசை இருந்தால் ஒவ்வொரு அசைவும் டேப்பை மேல்நோக்கி உரிப்பதற்குச் சமம். பக்க மூட்டு, அக்குள், பேண்டின் இருக்கைப் பகுதி, பையின் கைப்பிடி ஆகியவற்றில் எவ்வளவு விலையுயர்ந்த பசையும் நூலுக்கு ஈடாகாது. ஒரு துணியின் விளிம்பை இன்னொன்றின்மேல் இரண்டு விரல் அகலத்துக்கு ஏற்றி வைத்து ஒட்டினால் கதையே மாறுகிறது, ஏனென்றால் அங்கே இழுப்பு சறுக்கு இழுப்பாகிவிடுகிறது. மேக்கின்டாஷ் கோட்டின் ஒட்டு மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது அதனால்தான்.

முழங்காலில் வைக்கும் ஒட்டு, பையின்மேல் வைக்கும் அலங்காரத் துணி, பாவாடையின் கீழே ஓடும் லேஸ் எல்லாம் பெரும்பாலும் சறுக்கு இழுப்புக்கு உட்பட்டவை. அங்கே பசை நன்றாக உழைக்கும், ஒரு நிபந்தனையோடு. ஒட்டுத்துணியின் மூலைகளைக் கூராக விடக்கூடாது. உரிதல் எப்போதும் மூலையில்தான் தொடங்கும், ஏனென்றால் அங்கே எதிர்த்து நிற்கும் கோடு மிகக் குறுகியது. மூலையைச் சற்று வளைத்து வெட்டினால் போதும், ஒட்டின் ஆயுள் கூடும். பேண்டின் அடி மடிப்பில் சாதாரணமாகச் சுமையே இல்லை; அதனால் அவசரத்துக்கு ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் பேண்டுக்குள் காலை விடும்போது கட்டைவிரல் மடிப்பில் மாட்டினால் அது முழு உரிப்பு இழுப்பு. மடிப்பு முழுவதும் ஒட்டிவிட்டு, உட்காலும் வெளிக்காலும் சேரும் மூட்டுகளருகே நான்கு கைத்தையல் போட்டுவிட்டால் கட்டைவிரல் அதோடு நின்றுவிடும். சேலைக்கு வைக்கும் ஃபால்ஸை மட்டும் ஒட்டவே வேண்டாம். ஃபால்ஸ் துணியும் சேலையும் நனைந்தால் சுருங்கும் அளவு வேறு வேறு. கைத்தையல் அந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கும். பசை கொடுக்காது, சேலையின் கீழ் ஓரம் அலையலையாகச் சுருண்டுகொள்ளும்.

அடுத்தது விறைப்பு. ஒரு தகடு எவ்வளவு எளிதாக வளையும் என்பது அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. இரண்டு துணிகளைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வளைக்க ஒரு துணியைப்போல் இரண்டு மடங்கு விசை போதும், ஏனென்றால் வளையும்போது ஒன்றன்மேல் ஒன்று நழுவிக்கொள்கின்றன. அவற்றை முழுவதும் ஒட்டி நழுவ விடாமல் செய்தால் தடிமன் இரண்டு மடங்கான ஒரே தகடாகின்றன. இரண்டின் மும்மடி எட்டு. பசையின் சொந்த விறைப்பைக் கணக்கில் சேர்க்காமலே, விறைப்பு இரண்டிலிருந்து எட்டாகிறது. ஒட்டிய மடிப்பு ஏன் அட்டைபோல நிற்கிறது என்பதற்கு இந்தக் கணக்குதான் பதில்.

இதே கணக்கைச் சட்டைக் காலர் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. காலர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்காகத் துணியின் உட்புறம் வைக்கும் ஒட்டும் கேன்வாஸை உற்றுப் பார்த்தால் ஒரு பக்கம் பளபளக்கும் மிகச் சிறு புள்ளிகள் தெரியும். அவை சூட்டில் உருகும் பாலிஅமைடு, பாலிஎஸ்டர் அல்லது பாலிஎத்திலீன் துளிகள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் உருகித் துணியின் இழைகளுக்குள் புகுந்து, ஆறியதும் உறைந்து பிடித்துக்கொள்கின்றன. பசையைப் பரப்பிப் பூசாமல் ஏன் புள்ளிகளாக வைத்தார்கள்? இரண்டு புள்ளிகளுக்கு நடுவே துணி தன் விருப்பம்போல் வளைகிறது, காற்று போகிறது, வியர்வை வெளியேறுகிறது. தையல் போலவே அங்கங்கே பிடித்து, மற்ற இடத்தை விட்டுவிடுகிற பசை அது. துணிப்பசைத் தொழில்நுட்பத்தின் மிகச் சிறந்த எண்ணம் இதுதான் என்பது என் கருத்து. வீட்டில் பாட்டிலிலிருந்து பிதுக்கி ஒட்டுபவர்களும் இதைப் பின்பற்றலாம். துணி மடிந்து வளைய வேண்டிய இடங்களில் முழுக்கப் பூசாமல் சிறு புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். விளிம்பில் மட்டும் தொடர்ச்சியாக ஒரு மெல்லிய கோடு போதும்.

ஒட்டும் கேன்வாஸுக்குச் சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் சேர வேண்டும். துணியை நீவுவதுபோல் இஸ்திரிப் பெட்டியை இழுத்துக்கொண்டே போனால் எந்தப் புள்ளியும் முழுதாக உருகாது. ஓரிடத்தில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி வைத்து, தூக்கி, அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். ஆறும்வரை துணியை அசைக்கக் கூடாது. சில மாதத்தில் காலரில் குமிழி எழுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சூடு போதாமல் பாதி ஒட்டியது. மற்றது, கேன்வாஸும் மேல்துணியும் துவைக்கும்போது வேறு வேறு அளவில் சுருங்கியது. இரண்டாவதைத் தவிர்க்க, வெட்டுவதற்கு முன்பே துணியை ஒருமுறை நனைத்து உலர்த்திவிட வேண்டும்.

ஒட்டுதல் நடக்க வேண்டுமானால் பசை முதலில் துணியை ஈரமாக்க வேண்டும். ஒரு திரவத்துளி ஒரு பரப்பில் பரவுமா, முத்தாகத் திரண்டு நிற்குமா என்பதை 1805இல் தாமஸ் யங் விளக்கினார். துளியின் பரப்பு இழுவிசை அதைத் திரட்டப் பார்க்கிறது. பரப்பின் கவர்ச்சி அதைப் பரப்பப் பார்க்கிறது. எது மேலோங்குகிறதோ அதற்கேற்ற கோணத்தில் துளியின் விளிம்பு பரப்பைத் தொடுகிறது. பருத்தியின் இழை செல்லுலோஸ்; அதன் மேற்பரப்பில் தண்ணீரை விரும்பும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருக்கின்றன. தண்ணீரில் கலந்த பசை அதில் தயங்காமல் பரவும். பாலிஎஸ்டரில் அவ்வளவு வரவேற்பு இல்லை. காற்றில் கிடக்கும் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும்போது பாலிஎஸ்டர் அரை சதவீதம்கூட வைத்துக்கொள்வதில்லை. பாலிப்ரொப்பிலீன் இன்னும் மோசம். மறுபயன்பாட்டுப் பைகளில் வரும் நெய்யாத துணி பெரும்பாலும் அதுதான். வெள்ளைப் பசை அதில் காய்ந்த பிறகு தோலாக உரிந்து வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

கடையிலிருந்து வந்த புதுத்துணியின் மேல் மென்மைக்காகவும் மடிப்பு விழாமல் இருக்கவும் சிலிக்கோன், ரெசின் போன்ற பூச்சுகள் இருக்கும். பசை துணியைத் தொடாமல் அந்தப் பூச்சைத்தான் தொடுகிறது. துவைக்கும்போது பூச்சு போகிறது, அதோடு பசையும் போகிறது. ஒட்டுவதற்கு முன் துவைத்துவிட வேண்டும், அந்த முறை கண்டிஷனர் திரவம் சேர்க்காமல் துவைக்க வேண்டும் என்பதன் வேதியியல் காரணம் இது.

ஈரமாக்குதல் போதாமலிருப்பது ஒரு சிக்கல் என்றால் அதிகமாவது இன்னொன்று. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் நுண்புழைகள். அவை பசையை உறிஞ்சிக்கொள்கின்றன. எட்வர்ட் வாஷ்பர்ன் 1921இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, திரவம் நுண்புழைக்குள் செல்லும் தூரம் அதன் பாகுநிலை நான்கு மடங்கானால் பாதியாகக் குறைகிறது. ஷிஃபான், ஜார்ஜெட் போன்ற மெல்லிய துணியில் நீர்த்த பசையைப் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் மறுபுறம் கறையாக வந்து நிற்கும். அங்கே கெட்டியான பசை வேண்டும், அதுவும் குச்சி முனையளவு. ஜீன்ஸ், கேன்வாஸ் போன்ற தடித்த துணியில் கெட்டிப் பசை மேலாகவே நின்றுவிடும். அங்கே சற்று நீர்த்தது நல்லது. நன்றாக ஒட்டிய துணியைப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்தால் இழைகளைச் சுற்றிப் பசை வளைந்து, இறுகி, பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். மூலக்கூறுகளின் கவர்ச்சியோடு இந்தப் பிணைப்பும் சேர்வதால்தான் கண்ணாடியைவிடத் துணியில் பசை நன்றாக ஒட்டுகிறது.

ஆலைகளுக்கு வெகு முன்பே இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான ஒரு பசையை நம் நாட்டுக் கைவினைஞர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். ஒடிசாவில் புரிக்கு அருகே உள்ள ரகுராஜ்பூரில் பட்டச்சித்திரம் வரைபவர்கள் பழைய பருத்தித் துணியை இரண்டு அடுக்காக ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் வரைகிறார்கள். துணியைத் துணியோடு ஒட்டுவது புளியங்கொட்டைப் பசை. கொட்டையை ஊறவைத்து, அரைத்து, காய்ச்சி எடுக்கிறார்கள். அந்தப் பசையின் முக்கிய மூலக்கூறு சைலோகுளுக்கன். அதன் முதுகெலும்பில் குளுக்கோஸ் அலகுகள் இணைந்திருக்கும் முறையும் பருத்தியின் செல்லுலோஸில் இணைந்திருக்கும் முறையும் ஒன்றே. பக்கவாட்டில் மட்டும் வேறு சர்க்கரைகள் கிளைத்திருக்கின்றன. அந்தக் கிளைகள் அதை வெந்நீரில் கரைய விடுகின்றன. முதுகெலும்போ செல்லுலோஸின் மேல் படிந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொள்கிறது. செடிகளின் செல்சுவரில் செல்லுலோஸ் இழைகளைத் தழுவி நிற்பதும் இதே குடும்பத்து மூலக்கூறுதான். சணல், பருத்தி ஆலைகளில் பாவுநூலுக்குப் போடும் கஞ்சியிலும் புளியங்கொட்டை மாவு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. பட்டச்சித்திரத்துக்கு விறைப்பு வேண்டும், துவைக்க வேண்டிய தேவை இல்லை. அதனால் தண்ணீரில் இளகும் பசை அங்கே குறையாகத் தெரிவதில்லை.

காஞ்சிபுரம் போன்ற நெசவூர்களில் விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டி அரிசிக்கஞ்சி போடுவதும் பசைத் தொழில்தான். ஸ்டார்ச் பூச்சு ஒவ்வொரு நூலிலும் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரிழைகளைப் படியவைத்து, தறியின் உராய்வில் நூல் அறாமல் காக்கிறது. பட்டுக்குள் இன்னும் பழைய பசை ஒன்று இருக்கிறது. பட்டுப்புழு இரண்டு ஃபைப்ராயின் இழைகளை நூற்று, செரிசின் என்ற புரதத்தால் அவற்றை ஒட்டிக்கொண்டே கூடு கட்டுகிறது. பட்டுக்கூடு என்பது நெய்யாமல் ஒட்டியே செய்த துணி. கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 30 சதவீதம் செரிசின். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அதைக் கரைத்து நீக்கினால்தான் பட்டு மின்னும், குழையும், சாயம் ஏற்கும். புழு ஒட்டிய பசையை மனிதர்கள் நீக்கித்தான் பட்டைத் துணிக்கு ஏற்றதாக்கியிருக்கிறார்கள்.

இனி இன்றைய பாட்டில்கள். மரவேலைக்கும் பள்ளிக் கைவினைக்கும் நாம் எடுக்கும் வெள்ளைப் பசை பாலிவினைல் அசிடேட். 1912இல் ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் கிளாட்டே கண்டறிந்த பாலிமர் அது. இந்தியாவில் 1959இல் பல்வந்த் பாரேக் தொடங்கிய ஃபெவிகால் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. பாட்டிலுக்குள் அது தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள். வெள்ளையாகத் தெரிவது அவற்றில் ஒளி சிதறுவதால். தண்ணீர் ஆவியாகும்போது துகள்கள் நெருங்கி, அழுந்தி, அவற்றின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் இடியாப்பச் சிக்குபோல ஒன்றில் ஒன்று புகுந்து ஒரே படலமாகின்றன. வெள்ளை மறைந்து கண்ணாடிபோல் தெளிந்தால் படலம் உருவாகிவிட்டது என்று பொருள். ஆனால் பாலிவினைல் அசிடேட் சுமார் 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கண்ணாடித் தன்மை அடைந்து விறைப்பாகிவிடும். துகள்களைப் பிரித்து வைக்கச் சேர்த்திருக்கும் பாலிவினைல் ஆல்கஹால் தண்ணீரில் கரையக்கூடியது. எனவே சாதாரண வெள்ளைப் பசை துணியில் விறைக்கும், துவைத்தால் மீண்டும் வெளுத்து இளகும். துணிப்பசை என்று தனியாக விற்பவற்றில் பெரும்பாலும் எத்திலீன் கலந்த வினைல் அசிடேட் அல்லது மென்மையான அக்ரிலிக் பாலிமர் இருக்கும். அறைச் சூட்டிலும் அவை ரப்பர்போல நெகிழும், தண்ணீரையும் ஓரளவு தாங்கும்.

தண்ணீரில் கரையும் பசைக்கும் தையல் அறையில் ஓர் இடம் உண்டு. ஜிப் வைக்கும்போதும் பூவேலைத் துண்டுகளை அமைக்கும்போதும் குண்டூசிக்குப் பதில் பள்ளிக் குழந்தைகளின் பசைக்குச்சியை ஒரு கீற்றுத் தடவி நிறுத்தி, காய்ந்த பின் தைத்து, முதல் துவைப்பில் பசையைப் போக்கிவிடலாம். காய்வதற்குள் தைத்தால் மட்டும் ஊசியில் பிசுக்கு ஏறித் தையல் விட்டுவிட்டு விழும்.

அவசரத்துக்கு ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைத் துணியில் ஊற்றுபவர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது சயனோஅக்ரிலேட். 1942இல் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவரின் குழு, எதைத் தொட்டாலும் ஒட்டுகிறது என்று ஒதுக்கி வைத்த பொருள். 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. காற்றில் உள்ள சிறிதளவு ஈரமே அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துவிடும். கோக்கும்போது வெப்பம் வெளிப்படும். பருத்தியின் பெரும் பரப்பும் அதிலுள்ள ஈரமும் அந்த வினையை மிக வேகமாக்குகின்றன. புகை எழலாம், தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறலாம். உடுத்தியிருக்கும் பருத்தி உடையின் மேல் இந்தப் பசையை வைத்து ஒட்டவே கூடாது. பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு இதைக் கையாள்வதும் ஆபத்து. தப்பித் துணியில் கொட்டினால் உடனே உடலிலிருந்து அகற்றி, நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

துவைப்பது பசைக்கு எப்போதும் சோதனை. பருத்தி இழை நனைந்தால் குறுக்கே பருக்கும், காய்ந்தால் மெலியும். பசைப் படலம் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு துவைப்பிலும் இழைக்கும் படலத்துக்கும் நடுவே ஒரு சிறு இழுபறி நடக்கிறது. தொட்டால் காய்ந்ததாகத் தெரிவதும் உள்ளே சங்கிலிகள் முழுதாகச் சிக்குவதும் ஒன்றல்ல. அதனால்தான் பசை தயாரிப்பாளர்கள் ஒட்டிய பின் ஒரு நாளாவது, சிலர் மூன்று நாள்வரை, நனைக்காமல் வைக்கச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் இதற்கும் மேலே காத்திருப்பது நல்லது.

ஆரி வேலை செய்த கல்யாண பிளவுஸ்களுக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. குந்தன் கல்லும் கண்ணாடியும் விறைப்பானவை, துணி குழைவது. துணி வளையும்போதெல்லாம் கல்லின் விளிம்பில் உரிப்பு இழுப்பு வருகிறது. தேர்ந்த கைவினைஞர்கள் கல்லைப் பசையில் பதித்து, விளிம்பைச் சுற்றிப் பசை லேசாக எழும்வரை அழுத்தி, காய்ந்த பின் ஜரிகையால் சுற்றிலும் ஒரு சங்கிலித் தையல் ஓட்டிவிடுகிறார்கள். பசை கல்லை நகராமல் பிடிக்கிறது, தையல் விளிம்பை உரியாமல் காக்கிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும், வெறும் பசையில் நிற்கும் கற்களுக்கு இந்தக் காவல் இல்லை. அவற்றை ட்ரை க்ளீனிங்குக்கோ பெட்ரோல் வாஷுக்கோ கொடுத்தால் நிலைமை இன்னும் கெடும். அங்கே பயன்படும் பெர்குளோரோஎத்திலீனும் கனிம டர்பென்டைனும் ரப்பர் வகைப் பசைகளை ஊதிப்பெருக்கி இளக்கும் கரைப்பான்கள். கல் ஒட்டுவதற்கு உலகெங்கும் கைவினைஞர்கள் விரும்பும் ஈ6000 பசையே பல காலமாக பெர்குளோரோஎத்திலீனில் கரைத்துத்தான் தயாரிக்கப்பட்டு வந்தது. எது அதைக் கரைத்துப் பாட்டிலில் அடைத்ததோ அதுவே கடையில் அதைக் கரைத்தும் எடுக்கிறது. இப்படிப்பட்ட பிளவுஸைக் குளிர்ந்த நீரில், உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, கையால் அலசுவதே பாதுகாப்பு. கரைப்பான் நெடி வரும் பசைகளோடு வேலை செய்பவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்வதும் அவசியம். நாள் முழுவதும் ஆரி ஸ்டாண்டின் மேல் குனிந்திருப்பவர்களுக்கு அது உடல்நலப் பிரச்சினை.

பாட்டியின் பட்டுச்சேலை கிழிந்தால் பசையைத் தேடாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அருங்காட்சியகங்கள் பழந்துணிகளைச் செயற்கைப் பசைகளால் தாங்குதுணியில் ஒட்டிப் பார்த்தன. பத்து, இருபது ஆண்டுகளில் பல பசைகள் மஞ்சளித்தன, விறைத்தன, துணியோடு ஒன்றிப்போய்ப் பிரிக்க முடியாதவையாயின. பழைய பட்டின் இழை ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருக்கும். பசை விறைத்த இடத்தின் விளிம்பில் அது மடிந்து முறியும். துணிப் பாதுகாவலர்கள் இன்றும் சில நேரம் பசை பயன்படுத்துகிறார்கள், ஆனால் மெல்லிய பட்டு வலையில் முன்கூட்டியே பூசி உலர்த்தி, தேவைப்பட்டால் மீண்டும் எடுத்துவிடக்கூடிய பசையை மட்டும். வீட்டில் அதற்கு வழியில்லை. கிழிசலின் கீழே அதே நிறத்தில் மெல்லிய பட்டுத்துணி ஒன்றை, கிழிசலைவிட நாலாபுறமும் இரண்டு விரல் அகலமாக வையுங்கள். நுண்ணிய ஊசியில் ஒற்றை இழைப் பட்டுநூல் கோத்து, பழைய நூல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மட்டும் ஊசி இறங்கும்படி, ஒரு விரல் இடைவெளியில் நீளத் தையல்களாகப் படுக்கவைத்துத் தையுங்கள். நூலை இறுக்கி இழுக்க வேண்டாம்.